மறு: இன்ஸ்டன்ஸ் = வளவு? (படலை, பொட்டு, கிணறு வேண்டாம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மாஸ்டடன் போன்ற, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூகவலைத் தளங்களில் ஒவ்வொரு தனித் தளத்தையும் ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டன்ஸ்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டு, யார் எதற்குப் பதில் சொல்கிறார் என்பதே பிடிபடாமல் கிடக்கிறது. அதனால் மேற்கோளை வைத்து வைத்தே எழுதுகிறேன். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்ஸ்டன்ஸுக்கு ‘வளவு’ (ஓர் எல்லைக்குள் அடங்கிய வீட்டு நிலம்) என்று எடுக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இடைமுகத்துக்குக் கிராமத்துச் சொற்களாகத் தம்பி ஒருவர் அனுப்பிய பட்டியலில் மிச்சம் இருப்பவை, வேலி, படலை (வேலியின் வாசற்கதவு), பொட்டு, கிணறு எதுவும் வேண்டாம்.

> மாஸ்டடனே இப்போது ‘சேர்வர்’ என்றுதான் எழுதுகிறது. நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? ‘வழங்கி’ போதுமே.

சென்னை ஐயா கேட்பது நியாயம்தான். புதிதாக வருபவர் மிரளக் கூடாது என்று அவர்கள் இடைமுகத்தில் அப்படி மாற்றினார்கள். ஆனால் நம்மிடம் ‘வழங்கி’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. மேசையில் இருக்கும் இயந்திரமும் வழங்கி, அதற்குள் ஓடி வலைப்பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளும் வழங்கி. எங்கள் வாசகர் வட்டத்தின் பெட்டியைப் பாருங்கள். கொக்குவிலில் ஒரு வீட்டு அறையில், டெபியன் இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று. அதில் கோடூசோசியல் (மாஸ்டடன் போன்ற சமூகவலை மென்பொருள்) இரண்டு தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று வட்டத்துக்கு, மற்றது பழைய மாணவர் சிலருக்கு. தளப்பெயர் வேறு, விதிகள் வேறு, யாரைத் தடுப்பது என்ற பட்டியலும் வேறு. பக்கத்திலேயே புரொசோடி என்ற அரட்டை மென்பொருள் ஓடுகிறது, குடும்ப அரட்டைகள் அதில். இவ்வளவுக்கும் இயந்திரம் ஒன்றுதான். பெரிய மாஸ்டடன் தளம் ஒன்றை எடுத்தால் நேர்மாறு: தரவுத்தளத்துக்கு ஒரு இயந்திரம், படங்களுக்கு ஒன்று, வரிசையில் நிற்கும் வேலைகளை முடிக்க இன்னொன்று. ஆனால் ஆட்கள் அதை ஒரே இடமாகத்தான் பார்க்கிறார்கள். ‘எங்கள் வழங்கி விழுந்துவிட்டது’ என்று எழுதினால் எது விழுந்தது என்று அடுத்த மடலில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் தெளிவானதில்லை. மாஸ்டடனைக் கைபேசியில் பாவிக்க உதவும் டஸ்கி செயலியின் நுழைவுத் திரையில் ‘இன்ஸ்டன்ஸ் என்றால் என்ன?’ என்று ஒரு இணைப்பே வைத்திருந்தார்கள்.

எங்கே சொல் இல்லை என்பது பேச்சில்தான் தெரியும். எங்கள் பெட்டியைப் பாவிக்கும் அன்ரி ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. மின்சாரம் போனால் அழைத்து, “பெட்டி படுத்திட்டுதோ?” என்பார். இயந்திரத்துக்கு அவரிடம் சொல் இருக்கிறது. பிறகு தன் சிநேகிதி ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, “அவ எங்கட இதில இல்லை, கனடா ஆக்களின்ர இதில எல்லோ இருக்கிறா” என்றார். நான் கவனித்துப் பார்த்தேன், வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். எங்கட இதில, அவையின்ர இதில. நாம் தேடும் சொல் போய் உட்கார வேண்டிய இடம் அந்த ‘இதில’தான். முன்மொழியப்பட்ட ஒவ்வொன்றையும் அங்கே வைத்துப் பாருங்கள். ‘எங்கட நேர்வில இல்லை.’ ‘எங்கட நிகழ்வில இல்லை.’ இரண்டாவதைக் கேட்டால், கலியாண வீட்டுக்கு வரவில்லை என்று நினைப்பார்கள். வகுப்பும் அதன் நேர்வும் என்று நிரலாக்கத்தில் சொல்வதற்கு ‘நேர்வு’ நல்ல சொல், அதை அங்கேயே விட்டுவிடுவோம். ‘எங்கட வளவில இல்லை’ என்றால் விளக்கம் கேட்க ஆளில்லை.

> வளவு என்பது ஈழத்து வழக்கு. இங்கே யாருக்குப் புரியும்?

அப்படி முழுக்கச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் வீடு, முற்றம், கிணறு, கோடி (வீட்டின் பின்புறம்), நாலு தென்னை எல்லாம் சேர்ந்து ஓர் எல்லைக்குள் அடங்கிய நிலம் வளவு. சேலம் பக்கத்து நண்பர் போன வாரம் எழுதியதைப் பலர் கவனிக்கவில்லை போலும். அவர் ஊரில், உறவுக்காரர் வீடுகள் ஒரு பொது வெளியைச் சுற்றி நெருங்கி இருந்தால் அது வளவு. செட்டிநாட்டு வீடுகளிலும் வளவு உண்டு, அங்கே அது வீட்டின் உட்பகுதி. மூன்றும் மூன்று பொருள். என்றாலும் ‘ஓர் எல்லைக்குள் சேர்ந்து இருக்கும் இடம்’ என்பது மூன்றிலும் இருக்கிறது, நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் சேலத்து வளவுதான் நம் பொருளுக்கு எங்கள் வளவைவிடக் கிட்ட வருகிறது.

> வளவு என்றால் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். இங்கே இருப்பவர்கள் உறுப்பினர்கள், குடியிருப்பாளர்கள் அல்ல.

இதை எழுதியவர் யாழ்ப்பாணம் வந்து ஓர் ஒழுங்கையில் நடந்து பார்க்க வேண்டும். காணி உறுதியில் (பத்திரத்தில்) பெயர் உள்ளவர் ஸ்காபரோவிலோ லண்டனிலோ இருப்பார். வளவைக் கூட்டி, தேங்காய் பொறுக்கி, வரி கட்டுவது ஒரு சித்தி. அதற்குள் குடியிருப்பது வேறொரு குடும்பம். எங்கள் தளத்தின் நிலைமையும் அச்சொட்டாக இதேதான். தளப்பெயருக்கு ஆண்டுதோறும் காசு கட்டுவது ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர். அவர் மறந்தால் அத்தனை பேருடைய முகவரியும் போய்விடும், ஏனென்றால் மற்றத் தளங்கள் நம்மை நினைவில் வைத்திருப்பது @பெயர்@தளம் என்ற அந்த வடிவத்தில்தான். பெட்டியைப் பார்ப்பது நாங்கள் இரண்டு மூன்று பேர். எழுதுவது மற்றவர்கள். சொந்தக்காரர், பார்ப்பவர், இருப்பவர் மூவரும் வேறு வேறு என்பதை இந்தச் சொல் மறைக்கவில்லை. வளவு பார்ப்பவரையே அட்மினுக்கும் சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆசைதான், ஆனால் திரையில் ‘பார்ப்பவர்’ என்று போட்டால் பதிவைப் பார்ப்பவர் என்றுதான் எடுப்பார்கள். ‘நிர்வாகி’ இருக்கட்டும்.

இனி, இழையிலேயே கனமான எதிர்ப்பு. வவுனியா அக்கா எழுதியது:

> வளவு, வேலி, படலை என்று அழகாக அடுக்குகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் யார் படலைக்கு இந்தப் பக்கம் வரலாம், யார் கிணற்றில் அள்ளலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. அந்த நினைவு உள்ளவர்களிடம் இந்தச் சொற்களை எப்படிக் கொடுப்பீர்கள்?

இதற்குப் பலர் ‘அது பழைய கதை’ என்று பதில் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, அது பழைய கதையும் இல்லை. அக்கா சொல்வது சரி என்றே நினைக்கிறேன், அதனால்தான் முழுப் பட்டியலையும் எதிர்க்கிறேன். வளவு என்பது இடத்தின் பெயர், அதில் யாரும் இருக்கலாம். வேலியும் படலையும் கிணறும் அப்படியல்ல. அவற்றில்தான் அந்த வரலாறு நடந்தது. ஒரு தளத்தை இன்னொரு தளம் தடுக்கும்போது ‘படலையைச் சாத்து’ என்று பொத்தானில் எழுதி, அதை அந்த நினைவு உள்ள ஒருவர் அழுத்தவோ அவர் மேல் அழுத்தப்படவோ வேண்டுமென்றால், வேறு சொல் தேடுவதில் நமக்கு என்ன நட்டம்?

தம்பிக்கு இதில் மனவருத்தம் வேண்டாம். பட்டியலை நான் ரசித்துத்தான் வாசித்தேன். ‘பொட்டு’ குறிப்பாக: பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் விடும் இடைவெளி. ஃபெடரேஷனுக்கு (தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு) இதைவிட அழகாக யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பொட்டு என்றால் நெற்றிதான். பினாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ‘பொட்டு அடைக்கப்பட்டது’ என்று அறிவிப்பு வந்தால் என்ன செய்வாள்? இடைமுகம் முழுவதற்கும் கிராமத்து உடுப்புப் போட்டால் வாசிப்பவர் ஒவ்வொரு திரையிலும் புதிர் அவிழ்க்க வேண்டிவரும். ‘பின்தொடர்’, ‘தடு’, ‘புகாரிடு’, ‘நிர்வாகி’ எல்லாம் ஏற்கெனவே ஓடுகின்றன. சொல் இல்லாத ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும்.

ஃபெடரேஷன் பற்றிச் சுருக்கமாக. ‘சமஷ்டி’ (ஃபெடரலுக்கு எங்கள் அரசியலில் வழங்கும் சொல்) வேண்டாம் என்பதில் இங்கே இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சியை ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி என்றுதான் சொல்வார்கள். அன்றிலிருந்து அந்தச் சொல் மேடையில் நிற்கிறது, அதைச் செயலியின் அமைப்புப் பக்கத்துக்கு இறக்க முடியாது. ‘கூட்டாட்சி’யிலும் ஆட்சி வந்துவிடுகிறது. இந்தத் தளங்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறையாக, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்ட ஆக்டிவிட்டிபப்பில் ஆட்சி எதுவும் இல்லை. ஒரு வளவில் எழுதியதை இன்னொரு வளவுக்கு எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் அதில் பாதி. ‘இணைப்பு’, ‘தொடர்பு’ என்ற வெறும் சொற்களே போதும். ‘தொடுப்பு’ என்று எழுதியவருக்கு யாராவது தனிமடலில் அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள். ஃபெடிவெர்ஸை (இப்படித் தொடர்பில் இருக்கும் எல்லாத் தளங்களும் சேர்ந்த உலகத்தை) ‘பெடிவெர்ஸ்’ என்று எழுத்துப்பெயர்க்கவும் வேண்டாம். பெடியளின் (பையன்களின்) உலகம் என்று எங்கள் அன்ரி ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது, அது முழுப் பொய்யும் இல்லை.

> ‘தன்னோம்பல்’ பற்றி யாரும் பேசவில்லையே? செல்ஃப் ஹோஸ்டிங்குக்கு நான் கொடுத்தது.

கோவை நண்பருக்கு: தாமே ஒரு தளத்தை நடத்துவதுதான் செல்ஃப் ஹோஸ்டிங், அதற்கு விருந்தோம்பல் வழியாக வந்திருக்கிறீர்கள், புரிகிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் ஹோஸ்ட் என்பது ‘விருந்து வழங்கி’, அதுவும் ஒட்டுண்ணிக்கு. உங்கள் பக்கத்தில் ‘ஓம்புயிர்’. இரண்டு பக்கத்து மாணவருக்கும் முதலில் நாடாப்புழுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தத் ‘தன்’. எங்கள் வீட்டு இணைப்புக்குப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரே வந்து சேரக்கூடிய இணைய எண்) கிடையாது. வெளியிலிருந்து வருவதெல்லாம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சின்ன மெய்நிகர் இயந்திரம் ஒன்றிலிருந்து வயர்கார்டு என்ற மறையாக்கிய தனிவழியாகக் கொக்குவிலுக்கு வருகிறது. அப்படியானால் இது ‘தன்’ இல்லை என்று இந்த இழையிலேயே ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். இயந்திரம் யாருடையது என்று பார்த்தால் அவர் சொல்வது பாதி சரி. ஆனால் படி எடுத்து வைப்பது, இற்றைப்படுத்துவது, இரவில் யாரோ ஆபாசப்படம் போட்டதாகப் புகார் வந்தால் எழும்பிப் பார்ப்பது, மின்சாரம் திரும்பியதும் பெட்டி எழுந்ததா என்று பார்ப்பது, இதெல்லாம் யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டு இருந்த மாதங்களில், பிற வளவுகள் அனுப்பியவை காத்திருந்து, மின்சாரம் வந்த பிறகு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. அனுப்பும் தளம் பெரும்பாலும் உடனே கைவிடாமல் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். எனவே விழுவது பெரிய விடயமில்லை, எழுப்ப ஆள் இருக்க வேண்டும். கடை நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம், ரியூஷன் நடத்துகிறோம். கட்டடம் வாடகையா சொந்தமா என்று அந்த வினைச்சொல் கேட்பதில்லை. ‘சொந்தமாக நடத்துதல்’ போதும். ‘நாங்களே வளவு நடத்துகிறோம்.’ அகராதிக்குக் கவர்ச்சியாக இல்லைதான், இருக்கட்டும்.

இப்படி வெறும் சொல்லிலேயே நின்றால் கலைச்சொல் வளராது என்று ஒருவர் கோபித்திருந்தார். அவருக்கு ஒரு பழைய உதாரணம்: அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் என்று இன்று சொல்வதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்த மூன்று சொல்லும் இன்று யாரிடமும் இல்லை. ஆனால் அவரிடம் தமிழில் படித்தவர்கள் வைத்தியராகி ஊரில் நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்த வகையில் அந்தச் சொற்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுத்தான் போயின. நம்முடையவையும் போகலாம். அதற்கு முன்னால் பாவனைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டற்ற மென்பொருளில் இருப்பதால் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. டஸ்கி ஜிபிஎல் 3 என்ற, மாற்றிப் பகிர இடம் கொடுக்கும் உரிமத்தில் இருக்கிறது. அதன் தமிழ்ச் சரங்களில் (திரையில் தெரியும் சொற்றொடர்களில்) இந்தச் சொல்லைப் போட்டு, நாமே தொகுத்து, வட்டத்தில் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், கூடவே மூலநிரலையும் வைக்க வேண்டும். பெயரையும் சின்னத்தையும் மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எங்கள் வழுக்களுக்கு டஸ்கி ஆட்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அன்ரி முதல் ஆளாக நிறுவுவார், திட்டவும் செய்வார். அவர் ‘இதில’ என்பதை விட்டுவிட்டு ‘வளவில’ என்று சொல்லத் தொடங்கினால்தான் மேலே, மூலத் திட்டத்துக்கு அனுப்புவது. இல்லாவிட்டால் அனுப்ப வேண்டாம்.

சரங்களை இப்படி வைத்திருக்கிறேன்: ‘உங்கள் வளவு எது?’, ‘இந்த வளவின் விதிகள்’, ‘பிற வளவுகளிலிருந்து’, ‘இந்த வளவைத் தடு’. கணக்கை வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்கு ‘வளவு மாறு’. ‘இடம்பெயர்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார், 1995இல் யாழ்ப்பாணத்தவர் மொத்தமாக இடம்பெயர்ந்த பிறகு அதை ஒரு பொத்தானில் வாசிக்க எங்களால் முடியாது. பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது என்ற எச்சரிக்கையும் அதே திரையில் இருக்க வேண்டும், அதைப் பலர் அறியாமல் மாறிவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள்.

டிஃபெடரேட் (ஒரு தளம் இன்னொரு தளத்தோடு பேசுவதை நிறுத்துவது) என்பதற்கு இப்போதைக்குத் ‘தொடர்பைத் துண்டி’ என்று போட்டிருக்கிறேன். அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தொலைபேசிக் கட்டணம் கட்டாதவருக்கு வரும் அறிவித்தல் போல இருக்கிறது. நல்லது யாரிடமாவது இருந்தால் புதுத் தலைப்பில் தொடங்குங்கள், தயவுசெய்து இந்த இழையில் வேண்டாம்.