வயலுக்கடியில் ஒற்றை உறை: கிணறா, தாழியா, வேற ஏதாவதா?

செம்மண்தடம்:
அகழாய்வுல வேலை பார்த்தவங்களுக்கு இது புரியும். ஓரத்துக் குழி, சீசன் முடியற நேரம், யாரும் எதையும் எதிர்பார்க்கல. களிமண்ணுக்கு நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு வட்டம். பிரஷ் போட்டதும் சுடுமண் விளிம்பு வந்துச்சு. ஒருத்தர் தாழின்னார், அதாவது செத்தவங்களைப் புதைக்கிற பெரிய பானை. இன்னொருத்தர் உறைகிணறுன்னார், அதாவது உறைங்கிற சுடுமண் வளையங்களை ஒண்ணுமேல ஒண்ணா இறக்கின கிணறு. பாதி வட்டத்தை மட்டும் வெட்டி இறக்கினோம். தாழின்னா அடிப்பாகம் இருக்கணும், இல்ல. கிணறுன்னா அடுத்த உறை வரணும், வரல. ஒரே உறை, அதுக்குக் கீழே நேரா கன்னிமண், மனுசக் கை படாத மண்ணு. உள்ளே கருப்பு-சிவப்பு பானை ஓடு கொஞ்சம், கரித்துண்டு. எலும்பு இல்ல, மணி இல்ல.

உறையோட உள்பக்கத்துல வனைஞ்சவரோட விரல் தடம் வரிவரியா அப்படியே இருந்துச்சு. என் விரலை வெச்சுப் பார்த்தேன், பொருந்துச்சு. அந்த ஆள் இதை எதுக்குச் செஞ்சார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பதிவேட்டுல ‘குழி’ன்னு எழுதி மூடியாச்சு. இதுமாதிரி யாராவது பார்த்திருக்கீங்களா?

கம்மாக்கரை:
நான் தோண்டுற ஆள் இல்ல, நிலத்துக்காரன். மழை தப்பின வருசம், கடலை பூரா வாடிக் கெடக்க, ஒரு வட்டம் மட்டும் பச்சையா நின்னுச்சு. தோண்டி நிரப்பின மண்ணு ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்ல. பக்கத்து ஊருக்கு ஆய்வுக்கு வந்தவங்களைக் கூட்டியாந்து காட்டினேன். நெலத்தைப் புடுங்கிக்குவாங்கன்னு சொந்தக்காரங்க ஒரே சண்டை.

மேல பூரா பழைய ஓடு, ஒண்ணுல கீறல் குறி வேற. ஆளுயரம் போனதும் அடியில நீல நைலான் கயிறு. மண்வெட்டி அப்படியே நின்னுருச்சு. எப்பவோ வெட்டின குழியை மண்ணு கொண்டாந்து மூடியிருக்காக. வந்தவங்க கெளம்பிட்டாங்க. எனக்குக் கயிறு பெருசாப் படல. அத்தனை ஓடு கெடந்த மண்ணை எங்கருந்து அள்ளினாக? அந்த எடம் பக்கத்துலதானே இருக்கணும்? வெவரம் தெரிஞ்ச பெருசுக யாரும் இப்ப இல்ல.

ஆற்றுப்படுகை:
வெள்ளம் அரித்த ஆற்றங்கரையில் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வெள்ளத்தில் அதுவும் போய்விட்டது. என் அனுபவம் அவ்வளவே.

ஆனால் செம்மண்தடம், ஒற்றை உறை என்பதால் கிணறு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? உழவும், செங்கல்லுக்கு மண் எடுத்ததும் மேல் உறைகளைக் கொண்டுபோயிருக்கலாம். உங்களுக்குக் கிடைத்தது கடைசி உறையாக இருக்கலாம். கீழடியில் உறைகிணறு உண்டு, அரிக்கமேட்டில் உண்டு. பட்டினப்பாலையிலேயே ‘உறைக்கிணற்றுப் புறச்சேரி’ வருகிறது. கிணறாக இல்லாவிட்டாலும் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழி என்று யோசித்தீர்களா? உள்ளிருந்த மண்ணை நீரில் கரைத்துச் சலித்தீர்களா? கருகிய விதை ஒன்று போதும், கதையே மாறிவிடும்.

கம்மாக்கரை அண்ணனுக்கு: ஓட்டைப் பொறுக்கி வீட்டில் சேர்க்காதீர்கள், கிடந்த இடத்தோடு படம் எடுங்கள். சுற்றுவட்டத்தில் திடல், மேடு என்று சொல்லும் இடங்களை நடந்து பாருங்கள். கீழடியில் 2015-ல் தோண்டத் தொடங்கியதும் பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பு மேட்டில்தான். அங்கே தொடக்கத்தில் தோண்டிய குழிகளை மூடி நிலத்தை உரியவர்களிடமே கொடுத்தார்கள், சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். மறைத்தால்தான் சிக்கல்.

செம்மண்தடம்:
பட்டினப்பாலை சொல்றது பூம்புகார், கடற்கரை மணல். அங்க உறை இறக்கலன்னா குழி சரிஞ்சிடும். எங்க நிலம் கெட்டிக் களி, உறை இல்லாமலே சுவர் நிக்கும். அந்தக் களியில தண்ணி ஊறி வரவும் வராது, கழிவு உறிஞ்சவும் உறிஞ்சாது. மேல் உறை உழவுல போயிருக்கலாம், அதை ஒத்துக்கறேன். ஆனா உங்க ரெண்டு பதிலும் இந்த மண்ணுக்குப் பொருந்தல.

நெல்மணி:
தம்பி, எங்க அம்மாச்சி வீட்டுக் குதிர் இப்படித்தான் உறை உறையா அடுக்கினது. அடி உறையில நெல்லு எடுக்க ஒரு ஓட்டை விட்டு அடைச்சு வெச்சிருக்கும். நான் கையை விட்டு அளைஞ்சு திட்டு வாங்கியிருக்கேன். அது பச்சைமண்ணு, உங்களுது சுட்டது, அந்த வித்தியாசம் தெரியும். இருந்தாலும் கேக்கணும்னு தோணுச்சு. உங்க உறையில ஓட்டை இருந்துச்சா?

செம்மண்தடம்:
அக்கா, நாங்க வெட்டினது தெற்குப் பாதி. அதுல ஓட்டை இல்ல, உறுதியாச் சொல்றேன். வடக்குப் பாதி வெட்டாம மண்ணோட அப்படியே இருக்கு, அளவெல்லாம் பதிவுல இருக்கு. மறுபடி அனுமதி கிடைச்சா அந்தப் பாதியைத் திறக்கணும்னு எழுத்துலயே கேக்கப்போறேன். உள்மண்ணைச் சலிக்கறதையும் சேர்த்துக் கேக்கறேன்.

கம்மாக்கரை அண்ணே, அந்தக் கீறல் ஓட்டைப் படம் எடுத்திருந்தா இங்க போடுங்க.