தாள் போன்ற மெல்லிய பின்னணி: கட்டம் தெரியாமல் செய்வது எப்படி?

எழுதுகோல்:

வணக்கம். கட்டுரைகளுக்கென்று சிறிய தளம் ஒன்றை நடத்துகிறேன். வெறும் வெள்ளைப் பின்னணியில் நீளமாக வாசித்தால் கண் கூசுகிறது என்று சிலர் சொன்னார்கள். கையால் செய்த தாளில் இருக்குமே, தொட்டால் மட்டும் தெரிகிற ஒரு சொரசொரப்பு, அது மாதிரி பின்னணி வைக்க ஆசை.

நல்ல தாள் ஒன்றைப் போனில் படமெடுத்து, சதுரமாக வெட்டி, பக்கம் முழுக்க அடுக்கினேன். தரை ஓடு பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஓரங்களை ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் பூசி மறைத்த பிறகும் கட்டம் போகவில்லை. எழுத்தும் பழைய அளவுக்குத் தெளிவாக இல்லை. கோப்பு வேறு 1 எம்பிக்கு மேல் போகிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

துகள்:

உங்கள் படத்தில் தாளைவிட அதன் மேல் விழுந்த வெளிச்சம்தான் அதிகம் தெரிகிறது. போனில் எடுத்த எந்தப் படத்திலும் ஒரு மூலை சற்று வெளுத்தும் எதிர் மூலை சற்று மங்கியும் இருக்கும். தனிப் படமாகப் பார்த்தால் கண் அதைப் பொருட்படுத்தாது. அடுக்கும்போது மங்கிய மூலை பக்கத்துப் படத்தின் வெளுத்த மூலையைத் தொடும். நீங்கள் பார்க்கும் கட்டம் அதுதான். ஓரத்தை எவ்வளவு பூசினாலும் போகாது, ஏனென்றால் கோளாறு ஓரத்தில் இல்லை, படம் முழுக்கப் பரவியிருக்கிறது.

அதை நீக்க ஹை பாஸ் வடிப்பான் போதும். ஜிம்ப் 2.10-இல் மேம்படுத்தும் வடிப்பான்களோடு இருக்கிறது, போட்டோஷாப்பிலும் உண்டு. முதலில் படத்தைச் சாம்பலாக்கி, பிறகு இதைப் போடுங்கள். மெதுவாக மாறும் வெளிச்சம் போய், நார்களும் துகள்களும் மட்டும் நிற்கும். அப்புறம் ஆஃப்செட் கருவியில் படத்தைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்துங்கள். வெளியே போகும் பகுதி மறுபக்கம் சுற்றி வரும்படி வையுங்கள். வெளி ஓரங்கள் நடுவில் சிலுவைபோல் வந்து நிற்கும், அதை மட்டும் அக்கம்பக்கத்தைக் கொண்டு தழும்பை மறைக்கும் ஹீல் கருவியால் ஆற்றினால் சரி. தடித்த நார், கரும்புள்ளி என்று தனித்துத் தெரிகிற எதையும் விட்டுவைக்காதீர்கள். ஒரு தடவை பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே நார் அதே வளைவோடு திரை முழுக்க வரிசையாக நின்றால், வாசிப்பவர் கட்டுரையை விட்டுவிட்டு நாரைப் பார்ப்பார்.

ஆனால் என்னைக் கேட்டால் புகைப்படமே வேண்டாம். நீங்கள் விரும்பும் அளவு மெல்லிய சொரசொரப்புக்கு நாய்ஸே, அதாவது மென்பொருள் தாறுமாறாகத் தூவும் புள்ளிகளே போதும், கட்டுப்பாடும் முழுக்க நம் கையில் இருக்கும்.

200-க்கு 200 பிக்சலில் புதுப் படம் திறந்து, இளம் நிறம் ஒன்றை நிரப்புங்கள். சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 247, 245, 240 என்பது எனக்குப் பிடித்த நிறம், லேசான பழுப்பு கலந்த வெள்ளை. அதில் ஆர்ஜிபி நாய்ஸ் போடுங்கள். மூன்று நிறங்களும் தனித்தனியே மாறும் தேர்வை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவியதுபோல் வரும். இந்தத் துகள்களில் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சலைச் சாராதது. ஆகவே எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு வைத்தாலும் பொருந்தும், ஆஃப்செட்டும் ஹீலும் தேவையே இல்லை.

தாள் போல வர வேண்டுமென்றால் கொஞ்சம் மங்கலாக்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மங்கலாக்கும் வடிப்பான் ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்தோடு கலக்கும். ஓரத்துப் பிக்சலுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அதனால் கோடு விழும். இதற்கு ஒரு வழி: துகள் படத்தை மூன்றுக்கு மூன்றாக அடுக்கிப் பெரிய படமாக்குங்கள், அதை மங்கலாக்குங்கள், நடுச் சதுரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். நடுச் சதுரத்தைச் சுற்றி அதன் பிரதிகளே இருந்ததால் ஓரங்கள் தானாகப் பொருந்தும். இதே முறையில் ஒரு அடுக்கைக் கிடையாகவும் இன்னொன்றைச் செங்குத்தாகவும் மோஷன் பிளர் (ஒரே திசையில் இழுத்து மங்கலாக்குவது) செய்து கலந்தால் துணி நெசவு வரும்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி 16 பிக்சல் எழுத்தில் ஓரிரு பிக்சல்தான் இருக்கும். பின்னணித் துகளும் ஏறக்குறைய அதே அளவு. துகளின் கருமை ஏறினால், க எது க் எது என்று கண் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டிவரும். ஆகவே நிற வேறுபாட்டை மேலே நான்கு படி, கீழே நான்கு படிக்குள் வையுங்கள். 0 முதல் 255 வரையான அளவில் சொல்கிறேன். கருமை வெளுப்பு அளவுகளை மாற்றும் லெவல்ஸ் கருவியில் வெளியீட்டு எல்லையைச் சுருக்கினால் இது கிடைக்கும்.

இணையப் பக்கங்களை எல்லோரும் வாசிக்க முடிவதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. பின்னணியின் சராசரி நிறத்தை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள், ஆகக் கருமையான துகளை வையுங்கள். சாம்பல் 118 எழுத்து தூய வெள்ளையில் 4.54 பெற்றுத் தேறிவிடும். பின்னணி 240-க்கு இறங்கினால் அதுவே 4-க்கு வந்துவிடும். தேதி, படக்குறிப்பு போன்ற சாம்பல் எழுத்துகளை முதலில் பாருங்கள்.

முடித்த பிறகு ஒரு சோதனை. பெரிய கேன்வாஸில் அடுக்கி, லெவல்ஸில் வேறுபாட்டை வேண்டுமென்றே உச்சத்துக்கு ஏற்றி, 25 விழுக்காட்டுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் கட்டம் பளிச்சென்று வெளியே வரும்.

கச்சிதம்:

கோப்பு அளவு பற்றி மட்டும் சொல்கிறேன். நாய்ஸ் சுருங்கவே மறுக்கும். திரும்ப வரும் அமைப்பைக் கண்டுபிடித்துத்தான் பிஎன்ஜி என்ற படக்கோப்பு முறை சுருக்குகிறது, நாய்ஸிலோ திரும்ப வருவது என்று எதுவும் கிடையாது. 200-க்கு 200 படத்தை முழு நிறத்தில் வைத்தால் சுருக்கும் முன் 1,20,000 பைட்.

துகள் சொன்ன அளவில் மேலும் கீழும் நான்கு படி என்றால் மொத்தமே 9 நிறங்கள்தான். சில நிறங்களை மட்டும் பட்டியலாக வைக்கும் இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றி 16 நிறம் கொடுங்கள், எதுவும் இழக்காமல் அடங்கிவிடும். பிக்சலுக்கு 4 பிட், அதாவது சுருக்கும் முன்பே 20,000 பைட். இல்லாத நிறத்தைப் புள்ளிகள் கலந்து காட்டும் டிதரிங்கை அணைத்துவிடுங்கள். ஜேபெக் பக்கம் போகவே வேண்டாம். அது படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. இவ்வளவு மெல்லிய துகளை ஒன்று வழித்துவிடும், இல்லையென்றால் அந்தக் கட்டத்தையே பின்னணியில் பதித்துவிடும்.

வரைகோடு:

படக் கோப்பு இல்லாமலும் முடியும். படத்தை எழுத்துக் கட்டளைகளாக வைக்கும் எஸ்விஜி முறையில் எஃப்இ-டர்புலன்ஸ் என்று ஒரு வடிப்பான் உண்டு. கணினி வரைகலை அறிஞர் கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட நாய்ஸ் முறைதான் அதன் அடிப்படை. வகையை ஃப்ராக்டல்-நாய்ஸ் என்றும், பேஸ்-ஃப்ரீக்வென்சியை 0.8 அளவிலும் வைத்தால் பொடித் துகள் வரும், எண்ணைக் குறைத்தால் மேகம் மாதிரி ஆகும். ஸ்டிச்-டைல்ஸ் கொடுத்தால் ஓரங்களை அதுவே பொருத்தும். நிறமாக வரும், நிறச்செறிவை 0 ஆக்க மறக்காதீர்கள். முழுக் கோப்பும் சில நூறு எழுத்துகள்தான்.

இந்த வடிப்பானைப் பக்கத்தின் மேலேயே நேரடியாகப் போடாதீர்கள். பக்கம் மாறும்போதெல்லாம் உலாவி மறுபடி கணக்கிட நேரும், பழைய போன்களில் உருட்டுவதே சிரமமாகும். சிறிய எஸ்விஜி கோப்பாக்கிப் பின்னணிப் படமாகக் கொடுங்கள்.

எழுதுகோல்:

அனைவருக்கும் நன்றி. நாய்ஸ் வழியில் போய் மூன்றுக்கு மூன்று முறையில் மங்கலாக்கினேன், கட்டம் இல்லை. கோப்பு 20 கேபிக்குள் வந்துவிட்டது. மடிக்கணினியில் நான் நினைத்தபடியே இருக்கிறது. போனில் பார்த்தால் மட்டும் துகள் பெரிதாக, கொழகொழவென்று தெரிகிறது. இரவு நிறத்துக்கும் இதே படம் போதுமா?

துகள்:

போன் திரையில், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்-இன் ஒரு பிக்சல் இரண்டு மூன்று உண்மையான பிக்சல்களாக விரியும், அதனால்தான் அந்தக் கொழகொழப்பு. 400-க்கு 400 படமாகச் செய்து, பேக்ரவுண்ட்-சைஸை 200 பிக்சல் என்று கொடுங்கள். கோப்பு நான்கு மடங்காகும் என்பதால், அடர்த்தியான திரைகளுக்கு மட்டும் மீடியா குவெரியில் (திரையைப் பொறுத்து விதியை மாற்றும் சிஎஸ்எஸ் வசதி) அதை அனுப்புங்கள்.

இரவு நிறத்துக்கு இந்தப் படம் வேண்டாம். ஒளிபுகும் பின்னணியில் வெறும் சாம்பல் துகளாக இன்னொன்று செய்து, அடிநிறத்தைச் சிஎஸ்எஸ்ஸிலேயே வையுங்கள். கருமையின் மேல் அதே அளவு வேறுபாடு அதிகமாகத் துள்ளித் தெரியும், பாதியாகக் குறைத்துவிடுங்கள். பின்னணியைத் திரையோடு நிலைநிறுத்தும் ஃபிக்ஸ்டு அமைப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். எழுத்து மட்டும் நகர்ந்து துகள் அசையாமல் நின்றால், அழுக்குக் கண்ணாடி வழியாக வாசிப்பதுபோல் இருக்கும்.