ஈவ் ஆன்லைனில் நீங்கள் முதலில் இழந்த கப்பல் எது? புதியவர்களுக்காக ஓர் அனுபவப் பகிர்வு

திரியைத் தொடங்கியவர்:

இணைய விளையாட்டுகளைப் பழகும் சிரமத்தைக் கோடுகளாக வரைந்து ஒப்பிடும் பழைய கேலிச்சித்திரம் ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மற்ற விளையாட்டுகளின் கோடுகள் மேட்டுச் சாலை போல மெல்ல ஏறும். விண்கப்பல் விளையாட்டான ஈவ் ஆன்லைனின் கோடு மட்டும் செங்குத்தாக எழுந்து உச்சியில் பின்புறமாக வளைந்து நிற்க, அதிலிருந்து குச்சி மனிதர்கள் உதிர்ந்துகொண்டிருப்பார்கள். அப்படி உதிர்ந்தவர்களில் நானும் ஒருவன். எந்த இடத்தில் கால் வழுக்கியது என்பதை ஒவ்வொருவரும் எழுதினால், இப்போது சேர்ந்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

2016 நவம்பரில் சந்தா இல்லாமல் ஆடக்கூடிய ஆல்ஃபா கணக்குகள் வந்தன. அடுத்த மாதமே நான் சேர்ந்தேன். பயிற்சிப் பணிகளை முடித்து, ஹெரான் என்ற சிறிய ஆய்வுக் கப்பலை வாங்கி, விண்வெளியில் மறைந்து கிடக்கும் பழம்பொருள் தளங்களைத் தேடிப்பிடித்து, அங்குள்ள பெட்டிகளை உடைத்து விற்கும் தொழிலில் இறங்கினேன். பாதுகாப்பு எண் 0.5 அல்லது அதற்கு மேலுள்ள, காவல் மிகுந்த ஹைசெக் பகுதியில் கிடைப்பதெல்லாம் சில்லறைதான் என்று அரட்டையில் யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்றாம் நாளே 0.3 எண் கொண்ட, காவல் குறைந்த லோசெக் மண்டலம் ஒன்றுக்குள் நுழைந்தேன்.

பெட்டியை உடைப்பது ஒரு குட்டி விளையாட்டு. தேன்கூடு போலப் புள்ளிகள் விரியும். ஒவ்வொன்றாகத் திறந்து மையத்தை அடைய வேண்டும். நான் அதில் மூழ்கியிருந்தேன். இரண்டாவது பெட்டியின் மையம் கண்ணில் பட்ட நேரத்தில் ஒரு பீப் ஒலி கேட்டது, திரையின் ஓரத்தில் ஏதோ சிவந்தது, அடுத்த எட்டுப் பத்து நொடிகளில் கப்பல் இருந்த இடத்தில் பாட் எனப்படும் முட்டை வடிவ உயிர்காப்புப் பெட்டகம் ஒன்றுக்குள் நான் மிதந்துகொண்டிருந்தேன். என்னைத் தாக்கியவர் அந்தப் பெட்டகத்தைச் சுடவில்லை. மாறாக, தனி உரையாடலுக்கு அழைத்தார்.

கேலி செய்யப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "டி-ஸ்கேனை எத்தனை முறை அழுத்தினீர்கள்?" என்று அவர் கேட்டார். டி-ஸ்கேன் என்றால் என்னவென்று நான் கேட்டேன். சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு அடுத்த முக்கால் மணி நேரம், நான் இழந்த கப்பலின் விலைக்கு மேலான ஐஎஸ்கே (விளையாட்டின் நாணயம்) தொகையையும் அனுப்பிவிட்டு, அந்த மனிதர் எனக்குப் பாடம் நடத்தினார். டி-ஸ்கேன் சுமார் 14.3 வானியல் அலகு தொலைவுக்குள் இருக்கும் கப்பல்களையும் தேடுகருவிகளையும் பட்டியலிடும். (பழைய இடைமுகத்தில் அந்த எல்லையை 2,147,483,647 கிலோமீட்டர் என்று தட்டுவார்கள். நிரலாளர்கள் சிரித்துக்கொள்வார்கள், குறியுடைய 32 பிட் முழு எண் அதற்கு மேல் போகாது.) நான் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய தேடுகருவிகள் அந்தப் பட்டியலில் தோன்றியிருக்கும், நான் ஒரு முறை அழுத்தியிருந்தால் கூடத் தப்பியிருப்பேன். மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் லோக்கல் அரட்டையிலும் அவர் பெயர் நெடுநேரமாக இருந்தது. நான் அதைச் சுருக்கி மூலையில் தள்ளி வைத்திருந்தேன், ஏனென்றால் அது என் அழகான கப்பலை மறைத்தது.

அன்று எனக்கு விளங்கியது இதுதான்: நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழகியவர்கள் நெபுலாவையும் கப்பலின் பளபளப்பையும் படம் எடுக்கும்போது மட்டுமே பார்க்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் ஓவர்வியூ (அருகில் இருப்பவற்றின் பட்டியல்), லோக்கல், டி-ஸ்கேன் ஆகிய மூன்று அட்டவணைகளில்தான் அவர்கள் கண் இருக்கிறது. பயிற்சிப் பணிகள் பொத்தான்களைக் கற்பிக்கின்றன. எங்கே கண் வைக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர் என்னை அழித்தவர்தான்.

சரக்கு ஏற்றியவர்:

நீங்கள் லோசெக்கில் விழுந்தீர்கள். அங்கே போனால் அடிபடலாம் என்று ஒரு எச்சரிக்கையாவது வரும். நான் ஹைசெக்கில், பட்டப்பகலில், வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தேன்.

ஜிட்டா என்ற மண்டலத்தில் நான்காம் கோளின் நான்காம் நிலவில் இருக்கும் நிலையம்தான் நியூ ஈடன் என்னும் இந்த விளையாட்டு உலகின் பெருஞ்சந்தை. அங்கே வாங்கி, அமார் என்ற இன்னொரு சந்தை மண்டலத்தில் விற்றால் நல்ல லாபம் என்று கணக்குப் போட்டு, இரண்டு மாதம் சேர்த்த மொத்தப் பணத்தையும் பொருளாக்கி, ஒரு பேட்ஜர் சரக்குக் கப்பலில் ஏற்றினேன். அப்போது குறுக்குவழி நியார்ஜா என்ற 0.5 மண்டலம் வழியாகப் போகும். (2020-இல் அந்த மண்டலம் கைமாறிய பிறகு அந்த வழியே அடைபட்டுவிட்டது.) தானோட்டியை முடுக்கிவிட்டேன். சரியாக அந்த நேரம் சிலிண்டர்காரர் மணி அடித்தார். கீழே போய்ச் சிலிண்டரை வாங்கி, பணம் கொடுத்து, பழையதை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தால், திரையில் பாட்.

பதிவைப் படித்துப் பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. தானோட்டி உங்களை, அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாயிலின் மேல் கொண்டுபோய் இறக்காது. பல கிலோமீட்டர் முன்பாக இறக்கிவிட்டு, மீதித் தூரத்தைத் தவழ்ந்து கடக்கும். அந்தத் தவழலுக்காகவே காத்திருந்த சில கேட்டலிஸ்ட் கப்பல்கள் ஒரே நேரத்தில் சுட்டிருந்தன. கான்கார்ட் காவல்படை வந்தது, அவர்களை அழித்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அதற்குள் என் கப்பலும் போயிருந்தது. மலிவான கப்பல்களை வேண்டுமென்றே பலி கொடுத்து விலையுயர்ந்த சரக்கை உதிர்க்கிறார்கள். ஓரமாக நிற்கும் அவர்களுடைய கூட்டாளி ஒருவர் எஞ்சியதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். கான்கார்ட் தண்டிக்குமே தவிரக் காப்பதில்லை. ஹைசெக் என்ற பெயரைப் படித்ததும் நான் மனத்தில் எழுதிக்கொண்ட விதியும் விளையாட்டின் விதியும் வேறு வேறாக இருந்தன என்பதைக் கற்க எனக்கு ஒரு சிலிண்டர் நேரம் ஆனது.

இப்போதும் சரக்கு ஏற்றுகிறேன். தானோட்டியைத் தொடுவதில்லை, கப்பலைச் சுட ஆகும் செலவைவிடச் சரக்கின் மதிப்பு கூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். கூடினால் இரண்டு நடையாகப் பிரித்துக்கொள்கிறேன்.

சுரங்கம் தோண்டியவர்:

என் கதையில் யாரும் சுடவில்லை, அதனால் சுவாரசியம் குறைவு. ஆனால் நான் இழந்தது உங்கள் எல்லோரையும்விட அதிகமாக இருக்கலாம்.

வென்ச்சர் கப்பலில் வெல்ட்ஸ்பார் முதலிய பாறைகளை வெட்டி, உருக்கி, ட்ரைட்டானியம் போன்ற தாதுக்களை எடுத்து, ரிஃப்டர் என்ற சிறிய போர்க்கப்பல்கள் செய்து சந்தையில் விற்றேன். மூலப்பொருள் இலவசம் என்பதால் வந்ததெல்லாம் லாபம் என்று ஒரு மாதம் மகிழ்ச்சியாக இருந்தேன். மளிகைக் கடை வைத்திருக்கும் என் அப்பா ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அந்தத் தாதுவை அப்படியே விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். கூட்டிப் பார்த்தேன். நான் விற்ற கப்பலின் விலையைவிட அதற்குள் இருந்த தாதுக்களின் விலை அதிகம். "சொந்த வயல் நெல் என்பதற்காகச் சந்தையில் அதன் விலை குறைந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். அங்கே விலையை நிர்ணயிப்பவர்கள் பெரும்பாலும் சக ஆட்டக்காரர்களே என்பதையும், என்னைப் போன்ற ஆயிரம் பேர் இதே தவறைச் செய்வதால்தான் ரிஃப்டர் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

இதோடு சேர்த்து இன்னொன்று. விளையாட்டில் உங்கள் பாத்திரம் கற்கும் திறன்கள் நீங்கள் ஆடாத நேரத்திலும் நிஜ நேரத்தில் வளரும் என்பது தெரிந்ததே. எளிய வகைத் திறன் ஒன்றின் முதல் படிக்கு 250 புள்ளிகள்தான் தேவை. நான்காம் படிக்கு மொத்தம் 45,255, ஐந்தாம் படிக்கு 256,000. சந்தா கட்டியவருக்கே அந்தக் கடைசிப் படி மட்டும் ஏறத்தாழ 5 நாள் எடுக்கும், ஆல்ஃபா கணக்குக்கு அதைப் போல இரு மடங்கு. ஆனால் ஐந்தாம் படி தரும் பலன் பெரும்பாலும் முதல் படி தந்த அதே அளவுதான். எல்லாவற்றையும் ஐந்துக்கு ஏற்றிவிட்டுத்தான் வெளியே போவேன் என்று நிலையத்துக்குள்ளேயே காத்திருந்து சலித்து விலகியவர்களை எனக்குத் தெரியும். பலவற்றை மூன்றுக்கோ நான்குக்கோ ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

எலீட் டேஞ்சரஸ் ஆடுபவர்:

திரிக்குச் சற்று வெளியே என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நேர்ந்ததும் ஒரு மனிதரைச் சந்தித்த கதைதான். எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்கப்பல் விளையாட்டில் பட்டியல் அல்ல, கை பழக வேண்டும். சுழலும் நிலையத்தின் தபால்பெட்டி வாய் போன்ற பிளவுக்குள் கப்பலைச் செலுத்துவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆனது. வேகத்தைக் குறைக்கத் தவறி, போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் பறந்து, வெட்கத்தோடு வளைந்து திரும்புவது அன்றாட வழக்கம்.

அதெல்லாம் பழகிவிட்டது என்ற கர்வம் வந்த கையோடு தொலைதூரம் கிளம்பினேன். எரிபொருளை விண்மீன்களிலிருந்தே அள்ளிக்கொள்ளலாம், ஆனால் எல்லா விண்மீன்களிலும் அள்ள முடியாது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் ஆகிய வகைகளில் மட்டுமே முடியும். நான் பழுப்புக் குறு விண்மீன் ஒன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஏன் தொட்டி நிறையவில்லை என்று யோசித்தேன். கப்பல் அணைந்தது, ஐந்து நிமிட உயிர்வளி எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. ஃபியூல் ராட்ஸ் என்ற ஆட்டக்காரர் குழு இப்படிச் சிக்கியவர்களுக்கு எரிபொருள் கொண்டுவந்து தருகிறது என்று எங்கோ படித்த நினைவில் அவர்களை அழைத்தேன். அவர்கள் முதலில் சொன்னது, உடனே விளையாட்டின் முதன்மைப் பட்டிக்கு (மெனு) வெளியேறுங்கள் என்பதே; அங்கே எண்ணிக்கை ஓடாது. முன்பின் தெரியாத ஒருவர் அரை மணி நேரம் பறந்து வந்து, நான் உள்ளே நுழைய வேண்டிய நொடியைச் சொல்லி, எரிபொருளைச் செலுத்திவிட்டு, காசு எதுவும் வாங்காமல் போனார். ஈவ்காரர்கள் சுட்டுவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள், இவர்கள் சுடாமலே நடத்துகிறார்கள் என்று அண்மையில் ஒரு நண்பரிடம் சொல்லிக் கோபத்துக்கு ஆளானேன்.

2008 முதல் ஆடுபவர்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். கோபப்பட வேண்டாம், ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். இந்த மலையை நாம்தான் ஊதிப் பெரிதாக்குகிறோம். ஏறி முடித்தவனுக்கு மலை உயரமாக இருப்பதில் ஒரு பெருமை இருக்கிறது.

நான் சேர்ந்தபோது திறன் வரிசை கிடையாது; ஒன்று முடிந்ததும் அடுத்ததை நாமே தொடங்கி வைக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு முடியும் திறனை மாற்றுவதற்காக அலாரம் வைத்து எழுந்தவன் நான். வரிசை வசதி 2009 மார்ச்சில்தான் வந்தது. அதைவிடக் கொடுமை, வேகமாகக் கற்பதற்கென்றே தனித் திறன்கள் இருந்தன. புதியவர் முதல் பல வாரங்களை எதுவும் செய்யாமல் கற்கக் கற்பதில் செலவிட்டார். 2010 டிசம்பரில் அவற்றை நீக்கினார்கள். இன்று 2004 முதல் இயங்கும் ஈவ் பல்கலைக்கழகம் போன்ற ஆட்டக்காரர் குழுக்கள் வகுப்பே நடத்துகின்றன. கேலிச்சித்திரத்தின் அந்தச் செங்குத்துக் கோடு இப்போது அவ்வளவு செங்குத்து அல்ல.

ஆனாலும் புதியவர்கள் விலகுகிறார்கள், அதற்கு என்னைப் போன்றவர்களும் காரணம். சென்ற ஆண்டு என் அக்கா மகன் சேர்ந்தான். முதல் நாளே அவனுக்கு நான் தயாரித்த ஓவர்வியூ கோப்பு, கப்பல் பொருத்தும் அட்டவணை, திறன் திட்டம், நான்கு மணி நேரக் காணொளித் தொடுப்புகள் ஆகியவற்றை அனுப்பினேன். இரண்டாம் நாள் குரல் அழைப்பில், எதிரி நம்மைச் சுற்றும் கோணவேகம் கூடினால் பீரங்கி ஏன் தவறும் என்பதைப் படம் வரைந்து விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். மூன்றாம் நாள் மாலை, எதிரி தப்பி ஓடாமல் பிடித்து வைக்கும் வார்ப் தடுப்பான்களின் வீச்சைப் பற்றி, ஒன்று ஒன்பது கிலோமீட்டர், மற்றது இருபத்து நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "மாமா, இதில் எப்போது விளையாடுவோம்?" என்று கேட்டான். நான் சொன்ன பதில் எனக்கே நினைவில்லை. அதன்பிறகு அவன் உள்நுழையவில்லை. மூன்று நாளில் அவன் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்; இழக்க நான் விடவில்லை. திரியைத் தொடங்கிய தம்பிக்கு அந்த அந்நியர் முதலில் கப்பலை அழித்தார், பிறகுதான் பாடம் நடத்தினார். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

திரியைத் தொடங்கியவர்:

அண்ணா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். சேவையகம் தினமும் நம் நேரத்தில் மாலை 4:30-க்கு மூடித் திறக்கும் அல்லவா? வரும் சனிக்கிழமை அது திரும்பியதும், லோசெக் எல்லையில் இருக்கும் ஒரு நிலையத்தில் பத்து ரிஃப்டர்களை மலிவாகப் பொருத்தி வைத்திருப்பேன். சுரங்க நண்பரின் புண்ணியத்தில் விலை குறைவுதான். உங்கள் அக்கா மகனை அழைத்து வாருங்கள், கோப்பு எதையும் அனுப்ப வேண்டாம். அவனிடம் டி-ஸ்கேன் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்; வேண்டாம், அதையும் நான்காவது ரிஃப்டர் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம்.