குன்னூர் கடைத்தெருவை மாடலாகச் செய்கிறேன், கட்டடங்கள் பொம்மை மாதிரி தெரிகின்றன

குன்னூர்க்கனவு:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அரவங்காடு கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என் பள்ளிப் பருவம் முழுக்க மலை ரயிலின் விசில் சத்தத்தைக் கேட்டே கழிந்தது. இப்போது கோவையில் அடுக்குமாடி வீடு. பால்கனியை அடைத்து, 6 அடிக்கு இரண்டரை அடி பிளைவுட் பலகையில் 1980-களின் குன்னூர் ஸ்டேஷனையும் பக்கத்துக் கடைத்தெருச் சரிவையும் செய்துகொண்டிருக்கிறேன். எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 12 மிமீ இடைவெளி. அதை 87-ஆல் பெருக்கினால் 1044 மிமீ வருகிறது, நம் மலை ரயிலின் மீட்டர் கேஜுக்கு, அதாவது 1000 மிமீ இடைவெளிக்கு, அது போதும்.

நான்கு மாதத்தில் மவுண்ட் போர்டு என்ற கெட்டி அட்டையில் பதினோரு கட்டடங்கள் முடித்துவிட்டேன். பலகைக் கதவு போட்ட மளிகைக் கடை, வர்க்கி சுடும் பேக்கரி, மாடியில் லாட்ஜ் இருந்த டீக்கடை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தால் திருப்தியாக இருக்கிறது. பலகையில் வரிசையாக வைத்தால் ஊராகத் தெரியவில்லை, கொலு மாதிரி இருக்கிறது. என்ன தப்பு என்று படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். தகரக் கூரைக்கு அட்டைப்பெட்டியின் உள் மடிப்பை உரித்து ஒட்டினேன், வரிகள் ரொம்பத் தடிமனாகத் தெரிகின்றன. ஓட்டுக் கூரைக்கும் வழி கிடைக்கவில்லை. தெர்மோகோலில் செய்த மலைச்சரிவு வேறு வீணாகிவிட்டது. ரப்பர் பசை போட்டு ஒட்டினேன், பத்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்து கரைந்துவிட்டது.

மரப்பலகை:

சார், நான் சென்னையில் இருபது வருடமாக ஆர்க்கிடெக்ட்களுக்கு மாடல் செய்து கொடுப்பவன். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கட்டடங்களில் குறை இல்லை. அவை நிற்கிற தரைதான் குன்னூர் தரை இல்லை.

மலை ஊரில் எந்த வீடும் சமதளத்தில் நிற்பதில்லை. தெருப் பக்கம் பார்த்தால் ஒரு மாடி, பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் மூன்று மாடி. கீழ்வீட்டுக் கூரைக்கு நேராக மேல்தெருவின் ஓரம் வரும். நடுவில் கருங்கல் தாங்குசுவர், அதில் தண்ணீர் வடியும் துளை, பக்கத்தில் படிக்கட்டு, அடியில் சாக்கடை. ஊர் என்று நம் கண்ணுக்குப் படுவது இவைதான். வீடுகளை முதலில் செய்து பிறகு நிலத்தில் வைத்தால் பொம்மையாகத்தான் தெரியும். முதலில் சரிவு, அதில் வெட்டிய தட்டு, அந்தத் தட்டைத் தாங்கும் சுவர், கடைசியாக வீடு. எனக்கும் இந்த வரிசை பிடிபட சில வருடம் ஆனது.

அதனால் பதினொன்றையும் எடுத்து ஓரமாக வையுங்கள். கட்டடத்தில் வெப்பத்தைத் தடுக்க விற்கிற எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி நுரைப் பலகையை வாங்கி அடுக்கடுக்காக ஒட்டிச் சரிவு செய்யுங்கள். தெர்மோகோல், எக்ஸ்பிஎஸ் இரண்டுக்கும் ஃபெவிகால் மாதிரி தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை மட்டுமே ஆகும். ரப்பர் பசையில் இருக்கிற கரைப்பான்தான் உங்கள் மலையைத் தின்றது. ஸ்ப்ரே பெயின்டும் அதையே செய்யும். வெள்ளைப் பசை காய ஒரு நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாங்குசுவருக்கும் அதே பலகைத் துண்டு போதும். ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கல் கல்லாக அழுத்தி வரையுங்கள். உண்மையில் 9 அங்குலக் கல் என்றால் மாடலில் இரண்டரை மிமீதான் வரும், கை பெரிதாகப் போட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 10 அடிச் சுவர் 35 மிமீ. படிக்கட்டுக்கு 2 மிமீ சன்போர்டை, அதாவது பிளாஸ்டிக் நுரைத் தகட்டை, அடுக்கினால் படிக்கு 7 அங்குலம் கிடைக்கும், மலைப்படிக்குப் பொருத்தம். கதவு எல்லாம் 24, 25 மிமீக்குள் நிற்கட்டும். டீக்கடைக் கதவு படத்தில் 30 மாதிரி தெரிகிறது, அதுவும் பொம்மைத்தனத்துக்கு ஒரு காரணம்.

இன்னொன்று, எல்லாக் கட்டடத்தின் அடியிலும் மெல்லிசாக ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது. அடித்தளத்தை 3 மிமீ மண்ணுக்குள் இறக்கி, சுற்றிலும் சலித்த மண்ணைப் பசை போட்டு நிரப்புங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தகரம்: உண்மையான தகரத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சுமார் 3 அங்குலம், மாடலில் ஒரு மிமீக்கும் கொஞ்சம் குறைவு. ஹார்டுவேர் கடையில் 5 மிமீ தடிமனில், நீளம் முழுக்க மரை போட்ட கம்பி வாங்குங்கள், அதன் மரை இடைவெளி 0.8 மிமீ. சாப்பாடு பார்சல் செய்கிற அலுமினியத் தட்டை வெட்டி, பழைய சைக்கிள் டியூப் மேல் வைத்து, கம்பியை அழுத்தி உருட்டுங்கள். கோடுகள் லேசாகச் சாய்ந்து விழும். அதனால் பெரிய துண்டாக உருட்டிவிட்டு, பிறகு கோட்டை ஒட்டி நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

ஓடு: மங்களூர் ஓட்டின் அகலம் மாடலில் 3 மிமீக்கும் குறைவு. சார்ட் பேப்பரை 5 மிமீ பட்டையாக வெட்டி, ஒரு ஓரத்தில் கத்தரியால் 3 மிமீக்கு ஒரு கீறல். இறவாணத்திலிருந்து, அதாவது கூரையின் கீழ் ஓரத்திலிருந்து, மேலே போகப் போக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். வண்ணத்தில் புதுச் சிவப்பு வேண்டாம். மலைக் குளிரில் ஓடு பாசி பிடித்துக் கறுத்திருக்கும். காவிக்கு மேல் நீர்த்த கறுப்பு, நீரோட்டத்தின் திசையிலேயே தூரிகை போகட்டும்.

பேர்ண்தமிழன்:

வணக்கம் அண்ணை. நான் சுவிசில் பேர்ண் பக்கம் இருக்கிறேன், கனகாலமாக 12 மிமீ மாடல்தான் செய்கிறேன். நீலகிரியின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் இங்கே விண்டர்தூர் ஊரில் பிறந்தவை என்பதால் உங்கட பதிவைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மரப்பலகை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கட 6 அடிப் பலகை உண்மை அளவில் 160 மீட்டர்கூட இல்லை. அதற்குள் ஸ்டேஷன், எஞ்சின் ஷெட், பதினொரு கட்டடம் எல்லாம் நிற்காது. நாலைந்தை எடுத்துவிடுங்கள், மனதுக்குக் கஷ்டம்தான். பின்வரிசையில் வருபவற்றைச் சின்ன அளவில், 160-இல் ஒரு பங்காகச் செய்யுங்கள். சரிவின் உச்சியில் அவை நின்றால் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். வண்ணமும் அங்கே கொஞ்சம் வெளிறி, நீலச் சாம்பலாக இருக்க வேண்டும்.

பாதை விஷயம்: எஞ்சினின் பல்சக்கரம் நடுவில் உள்ள பல்தண்டவாளத்தைக் கடித்து ஏறுகிற பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், அங்கே ஏற்றம் சுமார் 12.5-க்கு 1. அந்தப் பக்கத்தைக் காட்சிக்கு மட்டும், ரயில் ஓடாமல் வைத்துவிடுங்கள். ஊட்டிப் பக்கம் பல்சக்கரம் இல்லை, ஏற்றம் சுமார் 25-க்கு 1, ஒரு மீட்டருக்கு 40 மிமீ உயர்ந்தால் போதும். இரண்டு மூன்று பெட்டியோடு மாடல் எஞ்சின் அதில் ஏறிவிடும்.

தேயிலைக்காடு:

அண்ணா, நான் இன்னும் குன்னூரில்தான் இருக்கிறேன். பச்சை நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தேயிலைச் செடியை உருண்டையாகச் செய்துவிடாதீர்கள். கொழுந்து பறித்துப் பறித்து மேல்பக்கம் மேஜை மாதிரி தட்டையாக இருக்கும். இடுப்பளவு உயரம், உங்கள் அளவில் 10 மிமீ. பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரைப் பிய்த்து, மேலே மட்டும் கத்தரியால் சமமாக நறுக்கினால் அப்படியே வரும். செடிகளுக்கு நடுவே ஆள் நடக்கிற ஒடுக்கமான சந்து இருண்டு தெரிய வேண்டும். அந்தச் சந்தில் போட, டீ வடிகட்டிய சக்கையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத் தூவுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

தோட்டத்துக்கு இடையே நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். பக்கக் கிளைகளைக் கழித்துவிடுவதால் நெட்டையாக, மெலிந்து இருக்கும். தைல மரம் இன்னும் உயரம். 100 அடி மரத்துக்கு மாடலில் 35 செமீ வேண்டும். எல்லோரும் வீட்டு உயரத்துக்கு மரம் வைக்கிறார்கள், இங்கே வீடுகள் மரத்தின் காலடியில்தான் கிடக்கின்றன. கரென்ட் ஒயரின் செம்பு இழைகளை முறுக்கி நாலைந்து மரமாவது உயரமாகச் செய்யுங்கள்.

குன்னூர்க்கனவு:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மரப்பலகை சார் சொன்னபடி எல்லாவற்றையும் பிரித்தேன். சரிவு ஐந்து அடுக்கு, தாங்குசுவர் மட்டும் மொத்தம் 4 மீட்டர் நீளம் வரைந்திருக்கிறேன். விரல் மரத்துப்போனாலும் அந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல் வரைய வரைய, பள்ளிக்கு இறங்கிப் போன படிக்கட்டின் திருப்பங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதல் வரைபடத்தில் அந்தப் படிக்கட்டே இல்லை.

தகரத்துக்குக் கம்பி முறை அற்புதமாக வேலை செய்கிறது. ஓடு இன்னும் சரியாக வரவில்லை, சார்ட் பேப்பர் பசையில் ஊறிச் சுருள்கிறது. பசையைக் கெட்டியாகப் போட வேண்டுமா, அல்லது பேப்பரை முதலிலேயே வண்ணம் பூசி இறுக்கிக்கொள்ள வேண்டுமா? மரப்பலகை சார், நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

பேர்ண் தம்பி, ஐந்து கட்டடங்களை எடுத்துவிட்டேன், லாட்ஜ் உட்பட. பேக்கரியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. இப்போது அதன் பின்சுவர் மூன்று மாடி இறங்குகிறது, புகைபோக்கிக்குக் கீழே கரி படிய வைத்திருக்கிறேன். தங்கச்சி, தைல மரம் இரண்டு முடிந்தது, ஒவ்வொன்றும் 33 செமீ. நேற்று இரவு மேஜை விளக்கை மட்டும் போட்டு, கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தேன். பேக்கரிச் சுவரில் மரத்தின் நிழல் விழுந்திருந்தது. அப்பாவை வரச்சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாக்கடை இந்தப் பக்கம் இல்லடா, படிக்கு அந்தப் பக்கம்" என்றார். இன்று அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.