28 தொடர் தோல்வி: இன்னும் உறுத்தும் அந்த ஒரு காட்சி

கார்னர்த்ரீ:

என்.பி.ஏ கூடைப்பந்து லீக்கின் 2023-24 டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2-1 (இரண்டு வெற்றி, ஒரு தோல்வி) என்று ஆரம்பித்து 2-29 ஆன கதை இங்கே எல்லாருக்கும் மனப்பாடம், முன்கதை வேண்டாம். உறுத்துவது டிசம்பர் 28, பாஸ்டன் செல்டிக்ஸுடன் ஆட்டம். இடைவேளையில் 66-47. வரிசையாக 27 தோற்ற அணி, செல்டிக்ஸை அவர்கள் கோர்ட்டிலேயே 19 புள்ளி பின்னால் தள்ளியிருந்தது. முடிவு ஓவர்டைமில் 128-122. 28-வது தோல்வி.

முன்னிலை கரைந்ததற்கு ஒரே காரணம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த சீசனில் எந்த ஆட்டத்தை ஓடவிட்டாலும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பிஸ்டன்ஸின் பந்தை நடத்தும் கேட் கன்னிங்ஹாம் மேலே பந்தோடு நிற்பார். சென்டர் வந்து ஸ்க்ரீன் வைப்பார், அதாவது கேட்டின் காவலரை உடம்பால் மறிப்பார். கார்னரில், கோர்ட்டின் மூலையில், ஆசார் தாம்சன். இப்போது பந்தைப் பார்க்காதீர்கள், தாம்சனைக் காவல் காக்க வேண்டியவரின் காலைப் பாருங்கள். ஒரு கால் பெயிண்டுக்குள் (வளையத்துக்கு முன்னால் உள்ள கட்டம்) இருக்கும். மூன்று வினாடி விதியால் அங்கேயே நிற்க முடியாது. அதனால் இரண்டு எண்ணுவார், ஒரு காலை வெளியே வைப்பார், மறுபடி உள்ளே. கேட் ஸ்க்ரீனைத் தாண்டி வருவதற்குள் வளையத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஆகிவிடும்.

கோர்ட்டின் அகலம் 50 அடி, பெயிண்ட் 16 அடி. பெயிண்ட் கோட்டிலிருந்து பக்கக் கோடு வரை 17 அடி. அவ்வளவு தூரம் விட்டுவிட்டு ஒருவர் உள்ளே நிற்கிறார் என்றால், அந்த ஷாட்டைத் தாராளமாகக் கொடுக்கத் தயார் என்று பொருள். தாம்சன் அந்த முதல் சீசனில் த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) அடித்தது 18.6 சதவீதம். மூன்றால் பெருக்கினால் ஷாட்டுக்கு 0.56 புள்ளி. எதிரணி கோச் யாராக இருந்தாலும் அந்த வியாபாரத்துக்கு ஒத்துக்கொள்வார். தாம்சனின் டிஃபென்ஸ் முதல்தரம், ரீபவுண்டும் அப்படியே. குறை அவரிடம் இல்லை, அவரை நிறுத்திய இடத்தில்.

நெயில்:

இடைவெளி, இடைவெளி என்று எல்லாரும் இதையே சொல்கிறோம். எனக்கு மறக்காதது டர்ன்ஓவர், ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது. அதிலும் எல்லா டர்ன்ஓவரும் ஒன்றல்ல. பாஸ் கோட்டுக்கு வெளியே போனால் விசில் அடிக்கும், ஐந்து பேரும் திரும்பி வந்து நின்றுவிடலாம். நடுவில் ஒரு கை பட்டுப் பந்து பறிபோனால், அடுத்த நான்கு வினாடியில் மறுபக்கம் யாருமில்லாத லே-அப். முதல் வகையில் ஒரு வாய்ப்பு போகிறது. இரண்டாம் வகையில் அதோடு ஏறக்குறைய இரண்டு புள்ளியும் போகிறது.

அந்த அணியில் அடிக்கடி பார்த்த தப்பு: பெயிண்டுக்குள் போய், மேலே எழும்பிய பிறகு பாஸ் போட ஆள் தேடுவது. கால் தரையில் இருக்கும்வரைதான் நின்று யோசிக்கலாம், திரும்பலாம், பிவட் போடலாம். எழும்பிவிட்டால் கைவசம் அரை வினாடி, அதுவும் எதிரணிக்குத் தெரிந்த அரை வினாடி. மூலையிலிருந்து உள்ளே வந்தவர் கையைத் தூக்கினால் போதும், பாஸ் அங்கேயே மாட்டும்.

பெஞ்ச்_கணக்கு:

ரெண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் தோற்ற வித்தியாசத்தைப் பாருங்கள். 27-வது ஆட்டம், டிசம்பர் 26, நெட்ஸிடம் 118-112. கேட் மட்டும் 41 அடித்தார். ஆறு புள்ளி. பாஸ்டனிலும் ஆறு புள்ளி, அதுவும் ஓவர்டைமில்.

அந்த ஆறு எங்கே போகிறது என்றால், மாற்று வீரர்கள் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கும் நேரத்தில். கோச் மாண்டி வில்லியம்ஸ் அதை அடிக்கடி செய்தார். இரண்டாம் குவார்ட்டர் தொடக்கத்தில் 4 நிமிடம், நான்காவதில் 4 என்று வையுங்கள். பந்து ஒரு முறை அணியின் கைக்கு வருவது ஒரு பொசெஷன்; நிமிடத்துக்கு அணிக்கு இரண்டு பொசெஷனுக்குக் கொஞ்சம் மேல். எட்டு நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு. பொசெஷனுக்கு 0.3 புள்ளி பின்தங்கினாலே ஐந்து புள்ளி காலி.

செய்ய வேண்டியது சிக்கலே இல்லை. முதல் குவார்ட்டரில் 5 நிமிடம் மிச்சமிருக்கும்போதே பந்து கையாளும் முதல் ஆளை உட்கார வைத்து, இரண்டாவது ஆளை ஆட விடுங்கள். குவார்ட்டர் முடியும்போது முதல் ஆள் திரும்பி வரட்டும். 48 நிமிடமும் இருவரில் ஒருவர் கோர்ட்டில் இருப்பார். இங்கே அந்த இரண்டாவது ஆள் ஜேடன் ஐவி. அவரைப் பெஞ்சில் வைத்துக் கில்லியன் ஹேயஸைத் தொடக்கத்தில் இறக்கிய நாட்கள்தான் இன்னும் ஆறவில்லை. ஹேயஸைப் பிப்ரவரியில் அணியே விடுவித்துவிட்டது.

ஏழு_ஐம்பத்தொன்பது:

பிஸ்டன்ஸ் மோசம்தான், ஆனால் 2011-12 சார்லட் பாப்கேட்ஸையும் கணக்கில் எடுங்கள். லாக்அவுட்டால் (உரிமையாளர்-வீரர் ஒப்பந்தத் தகராறு) 82-க்குப் பதில் 66 ஆட்டம், அதில் 7-59. கடைசி 23 ஆட்டமும் தோல்வி. வெற்றி விகிதம் .106. 1972-73 பிலடெல்பியா சிக்ஸர்ஸ் 9-73, அதாவது .110. பாப்கேட்ஸ் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் .121 ஆகி, மிக மோசமான வெற்றி விகிதம் என்ற அந்தக் கடைசி இடம் சிக்ஸர்ஸிடமே இருந்திருக்கும். அந்த ஒரு ஆட்டம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

வித்தியாசம் என்னவென்றால், பாப்கேட்ஸ் தோற்க வேண்டிய அளவுக்கே தோற்றார்கள். சராசரி 87 அடித்து 100.9 விட்டுக்கொடுத்தார்கள். புள்ளிகளை வைத்து எத்தனை வெற்றி வர வேண்டும் என்று கணிக்கும் கணக்கு இது: அடித்ததை 13.91 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள், விட்டதையும் அப்படியே உயர்த்துங்கள், முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 66 ஆட்டத்துக்கு 7 சொச்சம் வெற்றி வரும். நடந்ததும் 7. பிஸ்டன்ஸ் சுமார் 110 அடித்து 119 விட்டார்கள். அதே கணக்கில் 82-க்கு 20 சொச்சம் வர வேண்டும், வந்தது 14. அதனால் பெஞ்ச்_கணக்கு சொல்லும் லைன்அப் விஷயத்தோடு ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

லோமேன்:

கடைசி ஐந்து நிமிடம் என்றதும் சொல்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் தோற்கும் அணியைப் பின்தொடர்கிறவர்கள் இதைச் செய்து பார்த்தால் பாதிச் சண்டை தீரும். ஸ்கோரைப் பார்த்துக் கோபப்படுவதை விட்டுவிட்டு, நான்காவது குவார்ட்டரை மட்டும் இரண்டு முறை ஓடவிடுங்கள்.

முதல் முறை ஒரு தாள் போதும். ஒவ்வொரு பொசெஷனுக்கும் ஒரு வரி: மிச்ச நேரம், ஸ்கோர் வித்தியாசம், எப்படித் தொடங்கியது (ரீபவுண்டா, எதிரணி கூடை போட்ட பிறகா, பறித்ததா), முதல் ஸ்க்ரீன் வரும்போது ஷாட் கிளாக்கில் (ஷாட் எடுக்க 24 வினாடிக் கெடு) எத்தனை வினாடி, எப்படி முடிந்தது. நான்காவது கட்டம்தான் முக்கியம். தோற்கும் அணிகள் பந்தை மெதுவாகக் கொண்டுவந்து, ஷாட் கிளாக்கில் 13, 14 இருக்கும்போதுதான் முதல் ஸ்க்ரீனையே வைப்பார்கள். அது தடுக்கப்பட்டால் இரண்டாவது முயற்சிக்கு நேரம் இருக்காது, வலுக்கட்டாயமாக ஒரு ஷாட் போகும். 18, 19-இல் தொடங்கினால் பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர நேரம் கிடைக்கும்.

இரண்டாம் முறை டிஃபென்ஸ் மட்டும். ஷாட் கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். ஐந்து பேரில் எத்தனை பேர் எதிரணி ஆளை முதுகால் தடுத்து நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் ரீபவுண்ட் கைவிட்டுப் போகும். இளம் அணிகளில் எல்லாரும் அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் விதிகள். ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது அணி ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. கடைசி இரண்டு நிமிடத்தில், அதற்கு முன் எண்ணிக்கை நிறையாவிட்டாலும், இரண்டாவது ஃபவுலுக்கே ஃப்ரீ த்ரோ. அதாவது 1:50-இல் பின்தங்கியிருக்கும்போது கொடுக்க ஒரு ஃபவுல் கையில் இருக்கலாம். அதை ஸ்க்ரீன் முடிந்து அவர்கள் அசையும்போது கொடுத்தால் அவர்களின் பிளே உடையும். டைம் அவுட்டும் அதுபோலத்தான். ஆட்டத்துக்கு ஏழு, நான்காவது குவார்ட்டருக்கு நான்குக்கு மேல் கொண்டுபோக முடியாது, கடைசி மூன்று நிமிடத்துக்கு இரண்டுதான். ஒன்றையாவது கடைசிவரை வைத்திருந்தால் பந்தை முன்பக்கத்துக்கு நகர்த்தி அங்கிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் 94 அடியையும் ஓடிக் கடக்கணும்.

இன்னொன்று. மூன்று புள்ளி பின்தங்கி 35 வினாடி இருந்தால் அவசர த்ரீ தேவையில்லை. ஏழு, எட்டு வினாடிக்குள் நிச்சயமான இரண்டு புள்ளி எடுங்கள். எதிரணி 24 வினாடியைத் தின்றாலும் உங்களுக்கு மூன்று, நான்கு வினாடி மிச்சம், டைம் அவுட் இருந்தால் அது போதும்.

ஒன்று_ஐந்து:

கோர்ட்டுக்கு வெளியே நடந்த ஒன்று. 2023-இல் பிஸ்டன்ஸ் 17-65, லீக்கிலேயே கடைசி. புது வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று முடிவுசெய்யும் லாட்டரியில் 14 பந்து, நான்கு எடுப்பார்கள், 1001 சேர்க்கை. வரிசை மாறினால் வேறு சேர்க்கை ஆகாது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்க்கை, அதாவது 14 சதவீதம். மிக மோசமான அணி ஐந்துக்குக் கீழே இறங்காது, ஆனால் ஐந்தாக வருவதற்கே 47.9 சதவீதம். 14-ஆம் இடத்திலிருந்து கீழிறங்கி அட்டைகளைத் திறந்துகொண்டே வந்து, ஐந்தாவது அட்டையில் பிஸ்டன்ஸ் பெயர். அந்த வருடம் முதல் இடத்துக்குக் காத்திருந்தவர், எல்லா அணிகளும் விரும்பிய புது வீரர் வெம்பன்யாமா. மறு வருடம் 14-68, மறுபடி ஐந்து. 2022-உம் ஐந்துதான். வேண்டுமென்றே தோற்றால் நல்லது என்று யாராவது சொன்னால், இந்த மூன்று ஐந்துகளையும் முதலில் காட்டுங்கள். 2019-க்கு முன்பு கடைசி அணிக்கு 25 சதவீதம் இருந்தது, அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் பேசுகிறார்கள்.

பத்து_எழுபத்திரண்டு:

2015 டிசம்பர் 1. சிக்ஸர்ஸ் 0-18, முந்தைய சீசனின் கடைசிப் பத்துத் தோல்வியோடு சேர்த்து வரிசையாக 28. அன்று லேக்கர்ஸ் வந்தார்கள், கோபி பிரயண்ட் பிறந்த ஊரில் அவருடைய கடைசி ஆட்டம். தொடக்கத்தில் அவர் த்ரீ மழை பொழிந்தபோது மொத்த அரங்கும் எதிரணி வீரருக்காக எழுந்து நின்று கத்தியது. முடிவில் அவர் 26 ஷாட்டுக்கு 7 மட்டும். சிக்ஸர்ஸ் 103-91. முதல் வெற்றியை அந்த அணி தன் வீட்டில், வேறொருவருக்கு வழியனுப்பு விழா நடந்த இரவில் எடுத்தது.

கார்னர்த்ரீ:

நெயிலுக்கு ஒரு பதில் பாக்கி. எழும்பிய பிறகு பாஸ் தேடுவது தப்புதான், ஆனால் ஏன் எழும்புகிறார்கள்? போகிற வழியில் ஏற்கனவே இரண்டு பேர் நிற்பதால். மூலையில் நிற்பவரைக் காவலர் விட்டுவிட்டு வந்தால், அந்த ஆளையே ஸ்க்ரீன் வைக்கக் கூப்பிடணும். அப்போது உள்ளே நிற்கும் காவலரும் அவர் பின்னாலேயே மேலே வந்தாக வேண்டும், பெயிண்ட் காலியாகும். வராவிட்டால் ஸ்க்ரீனில் மாட்டிய காவலருக்கு உதவ ஆளிருக்காது, கேட் தடையில்லாமல் ஷாட் எடுப்பார். அதுவும் சரிப்படவில்லை என்றால், கேட் உள்ளே இறங்கும் அதே நொடியில் தாம்சன் கோட்டோரமாக வளையத்துக்கு வெட்டி ஓடணும், காவலர் பந்தைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும்போது.

மிச்சத்தை ஷூட்டர்களை வாங்கித்தான் சரிசெய்தார்கள். அடுத்த சீசனில் மாலிக் பீஸ்லி மட்டும் 319 த்ரீ. டோபியாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர் வந்தார்கள், பயிற்சி ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். 44-38. பீஸ்லி கார்னருக்கு வந்தாலே அவருடைய காவலர் பெயிண்டில் கால் வைக்கமாட்டார், அவருக்கு ஒரு கை தூரத்திலேயே நிற்பார். கேட் அதே இடத்தில் அதே ஸ்க்ரீனைத் தாண்டி வரும்போது முன்னால் ஒரே ஒரு ஆள்.