ஆஸ்திரேலியாவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை): ஃபீஸோட பிளேஸ்மென்ட் கணக்கையும் போடுங்க

ஃபீஸ், வாடகை ரெண்டுக்கும் கணக்குப் போட்டுட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. பிளேஸ்மென்ட்டை, அதாவது கட்டாயக் களப்பணியை மட்டும் விட்டுடறாங்க. இரண்டு வருஷப் படிப்பில் குறைந்தது 1000 மணி நேரம் களப்பணி. பெரும்பாலும் 500, 500-ஆ இரண்டு வேற வேற இடத்தில். வாரம் 35 மணி நேரம்னா ஒவ்வொன்றும் பதினைந்து வாரம் ஓடும். சம்பளம் கிடையாது. 2025 ஜூலையில் அரசாங்கம் ஆரம்பிச்ச பிளேஸ்மென்ட் உதவித்தொகை ஸ்டூடன்ட் விசாவுக்கு வராது. இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்ங்கிற வேலை வரம்பில் கட்டாயக் களப்பணி சேராது, உண்மைதான். ஆனா முழுநாள் அங்கே நின்னுட்டு ராத்திரி இன்னொரு ஷிஃப்ட் எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு பிளேஸ்மென்ட்டுக்கும் நாலு மாசச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைங்க.

ஏஜென்ட் காட்டுற கோர்ஸுக்கு ஏ.ஏ.எஸ்.டபிள்யூ. (ஆஸ்திரேலிய சமூகப்பணியாளர் சங்கம்) அங்கீகாரம் இருக்கான்னு அந்த அமைப்போட பட்டியலிலேயே பாருங்க. கம்யூனிட்டி சர்வீசஸ் டிப்ளமோ வேற, எம்.எஸ்.டபிள்யூ. வேற.

பிளேஸ்மென்ட்டுக்கு வேண்டிய சான்றுகளை முதல் செமஸ்டரிலேயே வாங்கி முடிங்க. போலீஸ் செக், குழந்தைகளோடு வேலை செய்றதுக்கான செக், சில இடங்களில் என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டம்) ஸ்க்ரீனிங். நியூ சவுத் வேல்ஸில் மாணவர்களுக்குக் கிடைக்கிற இலவசக் குழந்தைகள் செக்கை வச்சு சம்பள வேலைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரி பிளேஸ்மென்ட்னா தடுப்பூசி ஆவணமும் டி.பி. பரிசோதனையும் கேட்பாங்க. ஹெபடைடிஸ் பி மூணு ஊசி முடிய ஆறு மாசம் ஆகும், அதனால ஊரிலேயே ஆரம்பிச்சு சீட்டைக் கையோடு கொண்டுவாங்க.

பதில் 1:
இந்தியாவில் ஏற்கெனவே எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சவங்க திரும்பச் சேர்றதுக்கு முன்னாடி, ஏ.ஏ.எஸ்.டபிள்யூ. தகுதி மதிப்பீட்டைப் பாருங்க. ஃபீல்டு வொர்க் எத்தனை மணி நேரம், எந்த நிறுவனம், மேற்பார்வையாளர் என்ன படிச்சவர்னு கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கணும். வெறும் மார்க் ஷீட் போதாது. ஹெச்.ஆர். பிரிவு எடுத்தவங்களுக்கு இங்கேதான் சிக்கல்: கம்பெனியில் செஞ்ச ஃபீல்டு வொர்க்கைச் சமூகப்பணின்னு காட்டுறது கஷ்டம்.

பதில் 2:
களத்தில் தடுமாறுறது பெரும்பாலும் கேஸ் நோட்டில், அதாவது உதவி தேடி வர்றவங்களைப் பத்தி எழுதி வைக்கிற பதிவில். "குடிபோதையில் இருந்தார்"னு எழுதாதீங்க, அது உங்க முடிவு. "மூச்சில் மது வாடை, பேச்சு குழறியது, 10.15 மணி"ன்னு பார்த்ததை எழுதுங்க. நாளைக்கு அந்த நோட்டு கோர்ட் வரைக்கும் போகலாம்.

35 மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் (மேற்பார்வையாளர் உங்க வேலையைப் பத்திப் பேசி வழிகாட்டுறது) உங்க உரிமை. ரெண்டு வாரம் விட்டுப்போனா பல்கலைக்கழகத் தொடர்பாளருக்கு உடனே மெயில் போடுங்க. பிளேஸ்மென்ட் நடுவில் வர்ற மதிப்பீடு வரைக்கும் பொறுத்துட்டு அப்போ சொன்னா, மணி நேரத்தையே மறுபடி செய்ய வேண்டி வரலாம்.

தமிழ்க் குடும்பம் வந்தா, அங்கே வேலை செய்றவங்க "நீங்களே மொழிபெயர்த்துடுங்க"ன்னு கேட்பாங்க. உதவணும்னு மனசு துடிக்கும். ஆனா செய்யாதீங்க. ஒரு சொல் தவறினா குழந்தைப் பாதுகாப்பு முடிவே மாறிடும். அதுவும் கோயிலிலும் கடையிலும் நாளைக்கு அவங்க முகத்தைப் பார்க்கப்போறவங்க நீங்க. டி.ஐ.எஸ். (அரசாங்கத்தோட மொழிபெயர்ப்புச் சேவை) 131 450-ஐக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்க. குடும்பம் உங்களுக்குத் தெரிஞ்சதுன்னா, அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லி விலகிக்குங்க.