நெகிழிப்பைப் பின்னல் திறந்தவெளிச் சிற்பத்துக்கு ஏற்றதா?

கேட்டவர்: ஆமையோடு
வணக்கம். தூக்கி எறியப்படும் நெகிழிப்பைகளை நாடாவாக வெட்டி, குரோஷா ஊசியால் பின்னி, கம்பிக்கூட்டின் மேல் தோலாகப் போர்த்தி, ஆள் நீளமுள்ள கடலாமை ஒன்றைச் செய்ய எண்ணியுள்ளேன். அதன் ஓடு முழுவதும் பாட்டில் மூடிகளால் அமையும். சிற்பம் வெட்டவெளியில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். பின்னல் வெயிலைத் தாங்குமா, மூடிகளை எதைக் கொண்டு ஒட்டுவது, மேலே வண்ணம் பூசலாமா என்பவற்றை அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பின்னல்காரி
முதலில் நாடாவைப் பற்றிச் சொல்கிறேன். பையின் அடித்தையலையும் கைப்பிடிகளையும் நீக்கிவிட்டுக் குறுக்கே வெட்டினால் வளையங்கள் கிடைக்கும்; ஒன்றை மற்றொன்றினுள் நுழைத்து இழுத்தால் முடிச்சு தானாக விழும். அதை மெல்ல இறுக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் அவ்விடம் வெளுத்து மெலிந்துபோகும்; பின்னும்போது முதலில் அறுவதும் அங்கேதான். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகள் வேண்டாம், அவற்றில் பல அலமாரிக்குள் இருந்தபடியே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷாப் பவளப்பாறைத் திட்டத்தில் நெகிழிக் கழிவாலேயே பின்னிய பகுதியும் உண்டு; ஆனால் அது காட்சிக்கூடங்களுக்குள் வைக்கப்படும் படைப்பு.

மறுமொழி: பட்டறைவாசி
மூடிகளை ஒட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி வகைகள்; அவற்றின் பரப்பில் தண்ணீரே பரவாமல் முத்துமுத்தாக நிற்கும்போது, பசையோ வண்ணமோ எப்படிப் பற்றும்? துளையிட்டுத் துருப்பிடிக்காத கம்பியால் கட்டுவதே உறுதி. வண்ணம் பூசுவதற்குப் பதில் மூடிகளை நிறவாரியாகப் பிரித்து வையுங்கள். கடற்கரைக் குப்பையால் விலங்குச் சிற்பங்களைச் செய்யும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ‘வாஷ்டு அஷோர்’ அமைப்பினரும் பொருள்களைக் கழுவி, நிறம் பிரித்தே பயன்படுத்துகின்றனர். எதையாவது சூடாக்கி வளைக்க நினைத்தால், பிவிசியை மட்டும் தொடாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிவரும்.

மறுமொழி: இழைநோக்கர்
இருவர் சொன்னதும் சரியே. எனினும், வெட்டவெளி என்ற முடிவையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. புற ஊதாக் கதிர் நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. மெல்லிய பையில் அதைத் தடுக்கும் சேர்மானம் போதிய அளவில் இருப்பதில்லை என்பதால், பின்னல் முதலில் நொறுங்கும் தன்மையை அடைந்து, பின்பு காற்றிலும் மழையிலும் நுண்துகள்களாக உதிரும். கடலாமைக்காகச் செய்த சிற்பமே கடலுக்கு நுண்நெகிழியை அனுப்புவது முறையன்று. மேலும், பை நாடா தன் எடையிலேயே நாளடைவில் நீண்டு தொய்யும். கூட்டில் நெருக்கமாகக் கட்டாவிட்டால் கழுத்தும் துடுப்பும் தொங்கிவிடும். பயன்படுத்திக் கழித்த மீன்பிடிக் கயிறு, வலை ஆகியவை வெயிலை உத்தேசித்தே தயாரிக்கப்பட்டவை. ஆயினும், நகத்தால் சுரண்டும்போது தூள் வந்தால் அக்கயிற்றை விலக்குங்கள். மூடிகளிலும், நெகிழி வகையைக் குறிக்கும் முக்கோணத்துள் 2 (பாலிஎத்திலீன்) என்றிருப்பவை 5 (பாலிபுரோப்பிலீன்) என்றிருப்பவற்றைவிடப் பொதுவாக வெயிலைக் கூடுதலாகத் தாங்கும்.

கேட்டவர்: ஆமையோடு
மிக்க நன்றி. அப்படியானால் ஆமையைக் கூரைக்குக் கீழ், நேர்வெயில் படாத இடத்தில் நிறுத்துகிறேன். தோலைக் கயிற்றாலும் தலையை மட்டும் பை நாடாவாலும் பின்னுகிறேன். கயிற்றில் ஏறிய உப்பையும் பாசியையும் எப்படி நீக்குவது?

மறுமொழி: பட்டறைவாசி
நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றி, நார்த்தூரிகையால் தேயுங்கள். கழுவிய நீரை மெல்லிய துணியில் வடிகட்டிய பிறகே வெளியேற்றுங்கள். அதில் உதிர்ந்த இழைகள் மிதக்கும். நிழலில் முழுவதும் உலர்ந்த பின் பின்னத் தொடங்கலாம்.